புத்தகத்தை மூடுங்கள்... பாடம் மனதில் நிற்கும்!

செமஸ்டர் தேர்வு நெருங்கிவிட்டால், ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் காட்சியே மாறிவிடும். செல்போன் பிடித்த கைகளில் ஜெராக்ஸ் நோட்ஸ் இருக்கும். மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்ட பக்கங்களில் கண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பூந்தமல்லி பஸ்களிலும் இதே கதைதான்.

ஆனால், தேர்வு முடிந்து வெளியே வரும்போது பலர் சொல்வது இதைத்தான்: "நாலு தடவை படிச்சேன். கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு!"

ஒரு பேப்பர் அரியர் விழுந்தால் மறுபடி ஃபீஸ் கட்டி எழுத வேண்டும். அதோடு போவதில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல நிறுவனங்கள், அரியர் பாக்கி இருப்பவர்களை உள்ளேயே விடுவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓவர்டைம் பார்த்து மகளைப் படிக்க வைக்கும் ஒரு அப்பாவுக்கு இது சின்ன விஷயமா? அந்தப் பெண் உழைக்காமல் இல்லை. உழைக்கும் முறையில்தான் சிக்கல்.

ஐந்து நிமிடமும் ஒரு வாரமும்

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் தாளை வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவிகிதம் ஞாபகம் இருந்தது. படித்தவர்களுக்கு 42 சதவிகிதம்தான்.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். 'தெரிந்துவிட்டது' என்று மனசு நம்பிவிடும். ஆனால் தேர்வு ஹாலில் புத்தகம் கிடையாது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் வீட்டில் பழக வேண்டும்.

ஸ்டேஷனுக்கு ஒரு கேள்வி

ஒரு தலைப்பைப் படித்ததும் நோட்டை மூடுங்கள். வெள்ளைத்தாளில் ஞாபகம் உள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் குறியுங்கள். அடுத்த முறை அந்த இடங்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

ரயிலில் எழுத முடியாதே என்கிறீர்களா? அம்பத்தூரில் ஏறியதும் ஒரு இரண்டு மார்க் கேள்வியைப் பாருங்கள். பட்டரவாக்கம் வருவதற்குள் விடையை மனதுக்குள் சொல்லுங்கள். கொரட்டூருக்குள் அடுத்தது. வில்லிவாக்கத்துக்குள் இன்னொன்று. நின்றுகொண்டே கூடச் செய்யலாம்.

இன்று படித்ததை நாளை மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, தேர்வுக்கு முந்தின நாள் ஒரு முறை இப்படிச் சோதியுங்கள். ஒரே ராத்திரியில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, நான்கு நாளில் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது நெடுநாள் நிற்கும்.

180 நிமிடக் கணக்கு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் படிப்பவர்களுக்குத் தியரி பேப்பர் பொதுவாக 100 மார்க், மூன்று மணி நேரம். இரண்டு மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. முதல் பகுதிக்கு 30 நிமிடம், ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 24 நிமிடம், கடைசிக் கேள்விக்கு 25 நிமிடம். மொத்தம் 175. மீதி ஐந்து நிமிடம் சரிபார்க்க.

இன்டர்னலில் எவ்வளவு வாங்கியிருந்தாலும், எழுத்துத் தேர்வில் 45 சதவிகிதமாவது எடுத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். ஐந்து யூனிட்டில் ஒன்றை 'சாய்ஸில் விட்டுவிடலாம்' என்பவர்கள் உஷார்! 13 மார்க் கேள்விகளில் சாய்ஸ் அந்தந்தக் கேள்விக்குள்ளேயே 'அ அல்லது ஆ' என்றுதான் வரும். உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால், அங்கே தரும் மாதிரி வினாத்தாளை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

பழைய வினாத்தாள் ஒன்றையாவது கடிகாரம் வைத்து, போனை அணைத்து, முழுதாக எழுதிப் பாருங்கள். கை வேகம் தெரிந்துவிடும்.

எழும்பூர் சொன்ன பாடம்

நண்பர்களோடு சேர்ந்து படிப்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். இங்கே சிறுவர்கள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். தெரிந்த மாணவனே தெரியாத மாணவனுக்குச் சொல்லித் தரும் ஏற்பாட்டையும் செய்தார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை பரவியது.

சொல்லிக்கொடுக்கும்போது பாடத்தை வரிசையாக நினைவிலிருந்து எடுத்தாக வேண்டும். எங்கே தடுமாறுகிறோமோ அங்கே நமக்கே புரியவில்லை என்று அர்த்தம். எனவே குரூப் ஸ்டடியில் ஆளுக்கு ஒரு யூனிட்டை எடுத்து, நோட்டைப் பார்க்காமல் மற்றவர்களுக்கு விளக்குங்கள். அரட்டைக்கும் இடமிருக்காது.

பெற்றோர் கவனத்துக்கு

இஞ்சினீயரிங் பாடம் நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள். நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "இது என்னன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லும்மா" என்று கேளுங்கள். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாலும் போதும். பிள்ளை பத்து நிமிடம் தடையில்லாமல் சொல்லிவிட்டால் அந்தத் தலைப்பு தேறிவிட்டது.

தேர்வுக்கு முந்தின இரவு பதினொன்றுக்காவது விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். படித்தது மூளையில் பதிய உறக்கம் வேண்டும். ஹால் டிக்கெட், ஐ.டி. கார்டு, இரண்டு பேனா ஆகியவை இரவே பைக்குள் போய்விடட்டும். காலையில் வழக்கமான ரயிலுக்கு ஒன்று முன்னதாகப் பிடித்தால், பாதி டென்ஷன் பிளாட்பாரத்திலேயே இறங்கிவிடும்.