2040ஆம் ஆண்டுக்கு எத்தனை வைத்தியர்கள்?

இங்கிலாந்தில் இந்த ஆண்டு வைத்தியக் கல்லூரியில் சேரும் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி, ஐந்தாண்டுப் படிப்பை முடித்து, இரண்டாண்டு ஆரம்பப் பயிற்சியைக் கடந்து, பிறகு இருதயமோ எலும்போ புற்றுநோயோ ஏதேனும் ஒரு துறையில் ஏழெட்டு வருஷம் பழகி, நிபுணர் என்ற பதவியில் அமரும்போது ஏறக்குறைய முப்பத்துமூன்று வயதை எட்டியிருப்பாள். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் கிராமங்களில் சொல்வதுண்டு. வைத்தியர்களை உருவாக்குவது பனை வைப்பதைப் போன்ற காரியம். எத்தனை விதை ஊன்றுவது என்று தீர்மானிக்கும் மந்திரி, பலன் தெரியவரும் காலத்தில் பெரும்பாலும் பதவியில் இருக்கமாட்டார். அவர் தீர்மானம் செய்த நாளில் இருந்த ஜனத்தொகையும், நோய்களின் போக்கும், சிகிச்சை முறைகளும்கூட அப்போது மாறிப்போயிருக்கும்.

இத்தகைய தீர்மானத்தை ஒரே கணக்கை நம்பிச் செய்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைவதற்கு முன்பே, வைத்தியர்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடுவார்களோ என்ற கவலை அந்நாட்டில் எழுந்தது. முன்னாள் சுகாதார மந்திரி ஹென்றி வில்லிங்க் தலைமையில் அமைந்த கமிட்டி, 1957இல் தன் அறிக்கையை வெளியிட்டு, கல்லூரிகளில் சேர்க்கப்படும் மாணவர் தொகையை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம் என்று யோசனை கூறியது. ஜனத்தொகை மெதுவாகவே பெருகும் என்றும், வெளிநாடு செல்லும் வைத்தியர்கள் சொற்பமாகவே இருப்பார்கள் என்றும் அக்கமிட்டி கொண்ட அனுமானங்கள் இரண்டும் பொய்த்தன. குழந்தைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பிறந்தன. வைத்தியர்களோ கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினார்கள். 1968இல் டாட் பிரபுவின் ராயல் கமிஷன் மாணவர் சேர்க்கையைப் பெருக்கவேண்டுமென்று வற்புறுத்தும் வரையிலும், அதற்குப் பின்னர் வெகுகாலமும், அந்த ஓட்டையை அடைத்தவர்கள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் படித்துச் சென்ற இளம் வைத்தியர்களே. அந்நாட்டு வைத்தியர்கள் விரும்பிச் செல்லாத முதியோர் வார்டுகளிலும், வேல்ஸ் தேசத்துச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் ஒரு தலைமுறைக் காலம் நாடி பிடித்தவர்கள் அவர்கள். சென்னையிலும் கொழும்பிலும் பட்டம் பெற்றுச் சென்ற நம்மவர் பலருடைய குடும்பக் கதையில் வில்லிங்க் கமிட்டியின் குறைக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரே எதிர்காலத்தைக் கணித்து அதற்கேற்ப நடப்பதற்குப் பதிலாக, நிகழக்கூடிய பல எதிர்காலங்களைக் கதைகளாக வகுத்து, அவை ஒவ்வொன்றிலும் நம்முடைய தீர்மானம் தாக்குப்பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்கும் முறை, யுத்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ராண்ட் ஸ்தாபனத்தில் அணு யுத்தத்தின் சாத்தியங்களை ஆராய்ந்த ஹெர்மன் கான் அதற்கு உருக் கொடுத்தார். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பணிபுரிந்த பியேர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர் அதை வியாபார உலகத்துக்குக் கொண்டுவந்தார். எண்ணெய் விலை திடீரென்று ஏறும் உலகம் எப்படி இருக்கும் என்ற கதையை வாக் தம் கம்பெனியின் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். 1973 அக்டோபர் யுத்தத்தை ஒட்டிப் பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியபோது, அவர்கள் ஏற்கெனவே மனத்தால் ஒருமுறை வாழ்ந்து பார்த்த உலகத்துக்குள்தான் பிரவேசித்தார்கள். கதைகளின் பிரயோஜனம் ஆரூடத்தில் இல்லை, தீர்மானம் செய்பவரின் மனச்சித்திரத்தை மாற்றுவதில் இருக்கிறது என்பதே வாக்கின் சித்தாந்தம். சுகாதாரத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான சித்தாந்தம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் 2010இல் ஏற்பட்ட சுகாதாரப் பணியாளர் ஆய்வு மையம் இம்முறையை வைத்தியர், பல் வைத்தியர், மருந்தாளுநர் ஆகியோர் விஷயத்தில் கையாண்டது. இம்முறைக்கெனக் கூட்டப்படும் கூட்டங்கள் நடக்கும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். நர்ஸ், நிபுணர், கல்லூரி ஆசிரியர், கணக்கர், நோயாளிகளின் பிரதிநிதி என்று பலதரப்பட்டவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, வருங்காலத்தை மாற்றக்கூடியவை என்று தாங்கள் எண்ணுவதையெல்லாம் சீட்டுக்கு ஒன்றாக எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். பிறகு நிச்சயமானவற்றை ஒரு பக்கமும் சந்தேகமானவற்றை மறு பக்கமும் பிரிக்கிறார்கள். முதுமை நிச்சயமானது, 2040இல் எண்பது வயதைத் தாண்டுபவர்கள் இன்றே அறுபதைக் கடந்து நம்மிடையே நடமாடுகிறார்கள். சர்க்காரின் கஜானா நிறைந்திருக்குமா, வைத்தியர்களில் எத்தனை பேர் முழு நேரம் உழைக்க விரும்புவார்கள், இயந்திரங்கள் எவ்வளவு வேலையை ஏற்கும் என்பவை சந்தேகமானவை. 2016இல், கணினி விஞ்ஞானியும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருமான ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே படங்களைப் படிக்கும் நிபுணர்களுக்குப் பயிற்சி அளிப்பதை உடனே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்ற கருத்தைச் சொன்னார். அவர் சொல்லைக் கேட்டு அன்றே பயிற்சி இடங்களை மூடியிருந்தால், அந்நிபுணர்கள் போதாமல் இன்று திண்டாடும் பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்தால், சந்தேகமானதைச் சந்தேகமாகவே வைத்துக்கொள்வதன் அருமை விளங்கும்.

சந்தேகமானவற்றுள் மிகக் கனமான இரண்டை எடுத்து ஒன்றோடொன்று குறுக்கே வைத்தால் நான்கு உலகங்கள் கிடைக்கின்றன. அவ்வுலகங்களில் ஒரே நோயாளியை நடமாட விடுவது நல்ல உபாயம். சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியும் மெல்ல மங்கும் ஞாபகமும் உடைய எண்பத்துநான்கு வயது மூதாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பணமும் கருவிகளும் செழித்த உலகத்தில், அவருடைய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலுள்ள கருவி கவனிக்கிறது. வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து பார்க்கிறார். நிபுணர் திரையில் தோன்றிப் பேசுகிறார். பணம் வறண்டு, பிள்ளைகளும் தூர ஊர்களுக்குப் பெயர்ந்துவிட்ட உலகத்திலோ, சிகிச்சை முடிந்த பின்னும் வீட்டில் கவனிக்க ஆளில்லாத ஒரே காரணத்தால் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வாரக்கணக்கில் கிடக்கிறார். நோயாளியும் அவரே, வியாதியும் அதுவே; தேவைப்படும் ஆட்கள் மட்டும் வேறு. ஆனால் எந்த உலகத்திலும், உறுப்பு உறுப்பாகப் பிரிக்காமல் முதுமையை முழுதாகப் பார்க்கத் தெரிந்த வைத்தியரும், வீடு தேடி வரும் நர்ஸும் வேண்டியிருக்கிறார்கள் என்பது, நான்கையும் அடுக்கிவைத்துப் பார்க்கும்போது தெரியவருகிறது. அந்தப் பயிற்சிக்குச் செலவிடும் பணம் வீண்போகாது என்று சர்க்கார் துணிந்து சொல்லலாம்.

இனி வருவது வருத்தமான பகுதி. கதைகளிலிருந்து எண்களுக்குச் செல்ல, நிபுணர்களிடம் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாதபடி மதிப்பீடுகளைக் கேட்டு, விடைகளைத் திரட்டிக் காட்டி மறுபடியும் கேட்கும் டெல்ஃபி முறை பயன்படுகிறது. இவ்வளவு சிரத்தையோடு 2040 வரை நோக்கிய அந்த மையத்தின் ஆய்வை ஒட்டி, 2012 டிசம்பரில் வெளிவந்த யோசனை என்ன? வைத்திய மாணவர் சேர்க்கையை 2 சதவீதம் குறைப்பது என்பதே. இரண்டே மாதத்தில், 2013 பிப்ரவரியில், ஸ்டாஃபர்ட் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பட்ட அவதியைப் பற்றிய ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை வெளியாயிற்று. வார்டுகளில் நர்ஸ்கள் போதாமை அதில் வெளிப்படவே, ஆஸ்பத்திரிகள் நர்ஸ்களைத் தேடி ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஓடின. 2016இல் ஐரோப்பிய யூனியனைவிட்டு விலகும் வாக்கெடுப்பும், ஐரோப்பிய நர்ஸ்களுக்கும் விதிக்கப்பட்ட ஆங்கிலப் பரீட்சையும் சேர்ந்து அந்த வழியையும் அடைத்தன. 2016 ஜூலையில் பதிவு செய்துகொண்ட ஐரோப்பிய நர்ஸ்கள் 1,304 பேர், 2017 ஏப்ரலில் 46 பேர். இதற்கிடையில் 2016 அக்டோபரில், மாணவர் இடங்களில் 1,500ஐக் கூட்டப்போவதாகச் சுகாதார மந்திரி ஜெரமி ஹன்ட் அறிவித்தார். குறைத்த கையே நான்காண்டுக்குள் கூட்டவும் நேர்ந்தது.

இதைக்கொண்டு முறையையே பழிப்பவர்கள் உண்டு. பல கதைகளைச் சிரமப்பட்டு வகுத்தபின், அவற்றையெல்லாம் ஒரே எண்ணாகப் பிழிந்து மந்திரியின் மேஜைமேல் வைத்த இடத்தில்தான் பிழை நேர்ந்தது என்பது என் துணிபு. கதைகள் சொன்னது அகலமான சந்தேகத்தை. கோப்பில் ஏறியது ஒற்றை எண். மருந்தாளுநர் விஷயத்தில் இன்னொரு நுட்பம் வெளிப்பட்டது. 2040க்குள் 11,000 முதல் 19,000 வரை மருந்தாளுநர்கள் மிஞ்சுவார்கள் என்று அந்த மையம் 2013இல் கணித்தது. 2021இல் அத்தொழில் ஆட்பற்றாக்குறைப் பட்டியலில் சேர்ந்தது. 2019 முதல் குடும்ப வைத்தியர்களின் கிளினிக்குகளே மருந்தாளுநர்களைப் பெருவாரியாக வேலைக்கு அழைத்துக்கொண்டது முக்கிய காரணங்களில் ஒன்று. 2040 இன்னும் வராததால் அக்கணக்குக்கு இப்போதே தீர்ப்பளிப்பது அவசரமே. ஆயினும், எல்லாக் கதைகளும் ஒரே பக்கம் சாயும்போதுதான், அவற்றை எழுதியவர்கள் அறியாமலே பகிர்ந்துகொண்ட அனுமானம் எது என்று மிகுந்த விழிப்போடு தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2023 ஜூனில் வெளியான, இங்கிலாந்தின் சுகாதாரப் பணியாளர்களுக்கான நீண்டகாலத் திட்டம், வைத்திய மாணவர் இடங்களை 2031-32க்குள் 15,000 ஆக, அதாவது இருமடங்காக ஆக்கும் என்றது. பணியாளர்களின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 1.5 முதல் 2 சதவீதம் உயரும் என்ற ஓர் அனுமானத்தின்மேல் அதன் கணக்கின் பெரும்பகுதி நின்றது. கல்லூரி வாசலை அகலப்படுத்தினால் மட்டும் போதாது, அடுத்த வாசலையும் பார்க்கவேண்டும். 2025இல் நிபுணத்துவப் பயிற்சிக்கான சுமார் 10,000 இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பட்டமும் பயிற்சியும் பெற்ற இளைஞர்கள் வரிசையில் காத்து நிற்க, அதே ஊரில் நோயாளிகளும் நிபுணரைப் பார்க்க வரிசையில் காத்திருக்கும் இந்தக் காட்சி மனத்தை மிகவும் உறுத்துகிறது.

வடகடலுக்கு அப்பால், நெதர்லாந்தில், 1999 முதல் இதற்கென்றே ஒரு ஸ்தாபனம் இயங்குகிறது. வைத்தியத் தொழிலினர், பயிற்சி நிலையங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆகிய முத்தரப்பினரும் அதில் அமர்கிறார்கள். ஒவ்வொரு துறைக்கும் எத்தனை பேரைப் பயிற்சிக்கு எடுக்கலாம் என்பதைப் பல அனுமானங்களின்கீழ்க் கணக்கிட்டு மந்திரிக்கு ஆலோசனை கூறுவது அவர்கள் வேலை. ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை அவர்கள் அதே மேஜைக்குத் திரும்பி வந்து, எத்தனை பேர் ஓய்வு பெற்றார்கள், எத்தனை பேர் பாதி நேர வேலைக்கு மாறினார்கள், எந்தத் துறையில் காலியிடம் நிரம்பாமல் கிடக்கிறது என்று புதிய விவரங்களைச் சேர்த்து, கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போடுகிறார்கள்.