மரத்தடியில் நடந்தால் மனசு லேசாவது ஏன்? வாரத்துக்கு எத்தனை நிமிடம் தேவை?

ஆபீஸில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை, ராத்திரி படுத்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். 'அப்படிச் சொல்லியிருக்கலாமோ, இப்படிக் கேட்டிருக்கலாமோ' என்று நடந்ததையே அசைபோடுவோம். இது நீடித்தால் மனச்சோர்வுக்கு வழிவிடும் என்கிறார்கள் உளவியலாளர்கள்.

கொஞ்ச தூரம் நடந்தால் குறையுமா? எங்கே நடக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனநலப் பாதிப்பு இல்லாத 38 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு புல்வெளியும் ஓக் மரங்களும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடந்தது. இன்னொரு குழு வாகனங்கள் பறக்கும் மெயின் ரோட்டில் அதே 90 நிமிடம். போவதற்கு முன்பும் வந்த பிறகும் மூளை ஸ்கேன். மரங்களுக்கு நடுவே போய் வந்தவர்களிடம் அசைபோடுவது குறைந்திருந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் சற்று அடங்கியிருந்தது. ரோட்டில் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2015-ல் வெளியான ஆய்வு இது.

படுக்கையில் இருப்பவர்களுக்கு?

ஜன்னலே உதவியிருக்கிறது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார் ரோஜர் உல்ரிச். பென்சில்வேனியாவில் ஒரே மருத்துவமனை. பாதிப்பேரின் ஜன்னலில் மரங்கள், மீதிப்பேருக்கு வெறும் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள். வீரியமான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வு, மருத்துவமனைகளைக் கட்டும் விதத்தையே யோசிக்க வைத்தது.

எவ்வளவு நேரம்?

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் எடுத்த தகவலை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடம் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் போனாலும் சரி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சரி. அதாவது ஊட்டிக்கு டிக்கெட் போட வேண்டியதில்லை, பக்கத்துப் பார்க்கே போதும். ஆனால் ஒன்று, நல்ல மனநிலையில் இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் முழுப் பதில் இல்லை.

இன்னொன்றும் முக்கியம். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாமே வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால், 'பார்க்குக்குப் போனால் சரியாகிடும்' என்று தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம்.