கடல் கடந்த கடிதம்

உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகளுக்கு இரண்டு கவலைகள். மார்க் போதுமா? பணத்துக்கு என்ன வழி?

கணித மேதை ராமானுஜனிடம் இரண்டுமே இல்லை. எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. வருஷச் சம்பளம் 20 பவுண்டு. 1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், கல்லூரிப் பட்டம் இல்லாததையும் சம்பளத்தையும் அவர் மறைக்கவில்லை. தாமே கண்ட கணக்குகளைக் கூடவே வைத்தார். அவை பேசின! சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச் 17-ந் தேதி கப்பலேறினார்.

இன்று மார்க் பட்டியல், ஆங்கிலத் தேர்வு எல்லாம் கேட்பார்கள். ஆனாலும், "ஏன் இந்தப் படிப்பு?" என்ற கேள்விக்கு ஏஜெண்டு எழுதித் தரும் அலங்கார வார்த்தைகள் எதற்கு? சொந்தமாகச் செய்ததைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், தம்பி, தங்கைகளே!