பெயரும் கோலமும்

வலைப்பக்கம் யாக்குங்கால் செய்பணி இரண்டு. இது தலைப்பு, இது பந்தி என உறுப்புகளைப் பெயர்சுட்டி வகுப்பது ஒன்று. அவற்றுக்கு நிறமும் அளவும் இடைவெளியும் அளிப்பது மற்றொன்று. முன்னாளில் இரண்டையும் ஒன்றாய்க் குழைத்தனர். 1994ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டவராகிய ஹோகோன் வியும் லீ, கோலத்தைத் தனியே எழுதிவைக்கும் முறையை முன்மொழிந்தார், சி.எஸ்.எஸ். என்னும் அம்முறை 1996 டிசெம்பரில் விதந்துரையாக வெளிவந்தது.

ஆயினும், தலைப்பைத் தலைப்பென்று குறியாது, எழுத்தைப் பருக்கச் செய்து அமைவார் இன்றும் உளர். காண்பார்க்கு அதனால் வேறுபாடில்லை. கண்பார்வையற்ற மாணவர்க்கோ பக்கத்தை ஓதிக்காட்டுவது திரைவாசிப்பான். அது தலைப்பைத் தேர்வது பெயர்கொண்டே, பருமன்கொண்டன்று. பெயரிட்ட தலைப்புகளாயின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி வேண்டிய பகுதியை அவர் நொடியில் அடைவர். அன்றேல், வேண்டாதன யாவும் கேட்டே தீரவேண்டும். எச்.ரி.எம்.எல். தலைப்புக்கென ஆறு படிகளை வகுத்துத் தந்திருக்கவும், இவர்கள் பருத்த எழுத்தை நாடுவது ஏனோ?