மீன் தொட்டியில் எத்தனை மீன்கள் விடலாம்?

தொட்டியை வாங்கும் அன்றே பத்துப் பதினைந்து மீன்களையும் வாங்கி விடுவது பல வீடுகளில் வழக்கம். சில நாட்களிலேயே மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். பிள்ளைகள் வாடிப்போவார்கள்; பழி கடைக்காரர் மீது விழும். ஆனால், பல வேளைகளில் கோளாறு மீன்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போதும் அது உண்டாகிறது. நீர் தெளிவாகத் தெரிந்தாலும் இந்த நஞ்சு மீனைக் கொன்றுவிடும். வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் வளரும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை போதிய அளவு பெருகச் சுமார் 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். ஆகவே, தொட்டியில் இடம் இருக்கிறதா என்பதைவிட, சேரும் கழிவைச் சமாளிக்க முடியுமா என்பதே முக்கியம்.

கணக்கிடுவது எப்படி?

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 60 x 30 x 30 செ.மீ. தொட்டி 54 லிட்டர் கொள்ளும். கற்களையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் ஏறக்குறைய 45 லிட்டர் நீர் நிற்கும்.

சிறு மீன்களுக்கு, 1 செ.மீ. நீளத்துக்கு 1.5 லிட்டர் நீர் என்பது தொடக்கக் கணக்கு. அதன்படி இந்தத் தொட்டிக்கு மொத்தம் 30 செ.மீ. மீன்கள், அதாவது 3 செ.மீ. நீளமுள்ள பத்து ஆண் கப்பிகள் போதும். பெண் கப்பியையும் சேர்த்தால் மாதம் ஒருமுறை குட்டி போடும், கணக்கு மாறிவிடும்.

கடையில் தெரியும் அளவை நம்பக்கூடாது. வளர்ந்த பின் இருக்கும் அளவையே எடுக்க வேண்டும். சின்னதாக வாங்கும் தங்க மீன் 15 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது. 3 செ.மீ. மீனைவிட 15 செ.மீ. மீன் நீளத்தில் 5 மடங்குதான். ஆனால், ஒரே உடல்வாகு என்றால் எடையில் 125 மடங்கு. கழிவும் அதற்கேற்பக் கூடும். எனவே, பெரிய மீன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 30 செ.மீ. வரை வளரும் ஆஸ்கர் மீன் இத்தொட்டியில் திரும்பவே சிரமப்படும். ஆண் சண்டை மீன்கள் இரண்டை எவ்வளவு பெரிய தொட்டியிலும் ஒன்றாக விடக்கூடாது.

நம் நாட்டு வெப்பத்தில் நீரில் கரையும் உயிர்வாயு குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அது எச்சரிக்கை. உடனே கொஞ்சம் நீரை மாற்றி, காற்று பம்பைப் போட வேண்டும்.

முதலில் மூன்று, நான்கு மீன்களோடு தொடங்கி, சில வாரங்கள் விட்டு மற்றவற்றைச் சேர்க்கலாம். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலப்பது அவசியம். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினால் நுண்ணுயிரிகள் பிழைக்கும். மீன்கள் மிகுந்துவிட்டால் வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம். ஆற்றிலோ கால்வாயிலோ விடக்கூடாது.