முதுமைக்கேற்ற மிதிவண்டி

நுழையும்முன்

வயது ஏற ஏற உடல் மாறுகிறது. ஆனால், பலருடைய மிதிவண்டி மட்டும் இளமைக்கால அமைப்பிலேயே இருந்துவிடுகிறது. பொழுதுபோக்கிற்காகவும் உடல்நலத்திற்காகவும் மிதிவண்டி ஓட்டும் முதியோர், தம் உடலுக்கும் ஊருக்கும் ஏற்ற வண்டியையும் துணைக்கருவிகளையும் எவ்வாறு தேர்ந்தெடுக்கலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தீவும் சாலையும்

பெரார்கஞ்ச், தெற்கு அந்தமான் தீவில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு வடக்கே அமைந்த ஊர். போர்ட் பிளேர் என வழங்கிய நகரமே 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் பெரார் என்பவரின் பெயரால் பெரார்கஞ்ச் வழங்குகிறது. ‘கஞ்ச்’ என்பது சந்தை கூடும் குடியிருப்பைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்.

அந்தமான் பெருவழிச்சாலை இவ்வூர் வழியே வடக்கு நோக்கிச் செல்கிறது. தெற்கு அந்தமான் குன்றுகள் நிறைந்த நிலம் ஆதலால், இங்குள்ள சாலைகள் ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்கின்றன. பேருந்துகளும் சரக்குந்துகளும் இதே சாலைகளில்தான் ஓடுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்யும் மழையைப் போல இது இரு மடங்கு. மழை இல்லாத நாளிலும் கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் மிதிவண்டிப் பந்தயத்தில் புகழ் பெற்றவை. இத்தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஆனால், பந்தய வீரரின் தேவை வேறு. அறுபது வயதைக் கடந்தபின் காலையில் சிறிது தொலைவு சென்று வருபவரின் தேவை வேறு. வீரருக்கு வேகம் முதன்மை. முதியவருக்கோ வலியின்றிச் சென்று, விழாமல் திரும்புவதே முதன்மை.

காலைப்பொழுதின் நன்மை

இந்தியா முழுவதற்கும் ஒரே நேரக்கணக்கு உள்ளது. அது 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. தெற்கு அந்தமானோ ஏறத்தாழ 92.7 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் கணக்கிட்டால், சென்னையைவிட இங்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாகவே கதிரவன் தோன்றுவதை அறியலாம். கோடையில் காலை ஐந்து மணிக்கே பொழுது புலர்ந்துவிடும்.

இது முதியோர்க்கு நல்வாய்ப்பு. ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. எனவே, வெயில் ஏறுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்புவது நன்று. வயது ஏறும்போது தாக உணர்வும் மங்குகிறது. ஆதலால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் பருக வேண்டும். தண்ணீர்ப் புட்டியைக் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்திக்கொள்வது இதற்காகவே.

காலையில் விரைந்து விடிவது போலவே மாலையில் விரைந்து இருட்டும். திசம்பரில் ஐந்தேகால் மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். மாலையில் ஓட்டுபவர் இதை மறத்தல் ஆகாது.

உடலில் நிகழும் மாற்றங்கள்

நடுவயதைக் கடந்தபின் தசைகள் சிறிது சிறிதாக மெலிகின்றன. மூட்டுகள் இறுகுகின்றன, கழுத்தை முழுவதும் திருப்பிப் பின்னால் பார்ப்பது கடினமாகிறது. கைப்பிடியின் வலிமை குறைகிறது. சமநிலை தடுமாறினால் உடனே காலை ஊன்றிக்கொள்ளும் விரைவும் குறைகிறது. எலும்பு மெலிந்திருப்பதால், இளமையில் வெறும் சிராய்ப்போடு போகும் வீழ்ச்சி, முதுமையில் இடுப்பெலும்பு முறிவாக முடியக்கூடும்.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் மிதிவண்டி முதியோர்க்கு உகந்ததாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நடக்கும்போது உடலின் எடை முழுவதையும் கால்கள் தாங்குகின்றன. மிதிவண்டியில் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்குச் சுமை குறைகிறது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாள்தோறும் அரைமணி நேரம் மிதிவண்டி ஓட்டினால் இந்த அளவை எட்டிவிடலாம். ஆயினும், எலும்பு உறுதிபெற எடையைத் தாங்கும் பயிற்சி வேண்டும். ஆகவே, மிதிவண்டியோடு நடைப்பயிற்சியும் தேவை.

சட்டமும் இருக்கையும் கைப்பிடியும்

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் சட்டம். பழைய வண்டிகளில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே மேற்கம்பி ஒன்று இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் காலைப் பின்புறமாக உயர்த்தி வீச வேண்டும். முதியோர் பலர் தடுமாறி விழுவது ஓட்டும்போது அன்று. இவ்வாறு ஏறி இறங்கும்போதுதான். மேற்கம்பி தாழ்ந்த வண்டியில் காலைச் சற்றே தூக்கி வைத்தால் போதும். இவ்வகை வண்டியைப் ‘பெண்கள் வண்டி’ என ஒதுக்கும் ஆண்கள் உண்டு. வேட்டி கட்டியவர்க்கும் மூட்டுவலி உள்ளவர்க்கும் அதுவே வசதி என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சங்கிலியை முழுதும் மூடும் உறை இருந்தால், வேட்டியும் சேலையும் அதில் சிக்கமாட்டா.

அடுத்தது இருக்கையின் உயரம். மிதிகட்டை மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை மிகவும் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மிகையாக மடங்கி வலிக்கும். மிகவும் உயர்ந்திருந்தால் வண்டியை நிறுத்தும்போது கால் தரையில் எட்டாது. நிறுத்தும்போது நுனிக்காலாவது தரையில் படுவது முதியவர்க்கு இன்றியமையாதது.

கைப்பிடி, இருக்கையைவிடச் சற்று உயர்ந்திருப்பது நன்று. பந்தய வண்டியில் போலக் குனிந்து ஓட்டினால் காற்றின் எதிர்ப்புக் குறையும். ஆனால், கழுத்தும் முதுகும் மணிக்கட்டும் வலிக்கும். நிமிர்ந்து அமர்பவருக்குச் சாலையும் நன்கு தெரியும். அகலமான டயர்கள் பள்ளங்களின் அதிர்வைத் தாமே ஏற்றுக்கொள்ளும்.

பல்லிணையின் கணக்கு

மேட்டில் ஏறும்போது உதவுவது, பேச்சுவழக்கில் ‘கியர்’ எனப்படும் பல்லிணை. அதன் வேலையை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

பல்லிணை இல்லாத ஒரு வண்டியில் முன் சக்கரப் பல் 44, பின் சக்கரப் பல் 18 எனக் கொள்வோம். மிதிகட்டை ஒருமுறை சுழன்றால் பின்னுருளி 44 ÷ 18, அதாவது ஏறத்தாழ 2.44 முறை சுழலும். உருளியின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 5.4 மீட்டர் முன்னேறும்.

பல்லிணை உள்ள வண்டியில் முன்னே 28 பல்லும் பின்னே 32 பல்லும் உள்ள இணையைத் தேர்ந்தால், அதே உருளி 0.875 முறைதான் சுழலும். வண்டி ஏறத்தாழ 1.9 மீட்டர் மட்டுமே நகரும். தொலைவு குறைகிறது, ஆனால், மிதிக்க வேண்டிய விசையும் அதே அளவில் குறைகிறது. முதல் வண்டியில் மூன்று பங்கு விசை தேவைப்படும் மேட்டை, இவ்வண்டியில் ஏறத்தாழ ஒரு பங்கு விசையோடு ஏறலாம். மிதிக்கும் முறைகள் கூடுமே தவிர, முழங்காலின் மீது அழுத்தம் கூடாது.

முதியோர் பல்லிணை வாங்கும்போது மிகை வேகத்துக்கு உரியதைத் தேடுகின்றனரா, மேடேற உதவுவதைத் தேடுகின்றனரா என்பதே கேள்வி. எத்தனை கியர் உள்ளது என்பதைவிட, அவற்றுள் மிகத் தாழ்ந்த கியர் எது என்பதே அவர்களுக்கு முதன்மையானது.

ஒரு பழைய வாதம்

பல்லிணையின் உதவியை நாடுவது வலிமையின்மை என்னும் எண்ணம் புதிதன்று. பிரான்சு நாட்டுப் பெரும் மிதிவண்டிப் பந்தயமான தூர் தெ பிரான்சை 1903இல் தோற்றுவித்த ஆன்றி தெகிராஞ்சு, அதற்கு முந்தைய ஆண்டிலேயே பல்லிணை மாற்றி நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கே உரியது என எழுதினார். தசையின் வலிமையால் வெல்வதே சிறப்பு என்பது அவர் கருத்து.

அதே நாட்டில் பால் தெ விவி என்பவர் எதிர்க்கருத்துக் கொண்டிருந்தார். 1853இல் பிறந்த இவர், ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் மிதிவண்டி இதழ் ஒன்றை நடத்தினார். மலைப்பாதைகளில் முதுமையிலும் நெடுந்தொலைவு ஓட்டினார், பல்லிணையின் பயனை இடைவிடாது எடுத்துரைத்தார், 1930இல் மறைந்தார். அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1937இல், அப்பந்தயத்தில் பல்லிணை மாற்றிக்கு இசைவு கிடைத்தது. இன்று அக்கருவி இல்லாமல் அப்பந்தயத்தில் எவரும் ஓட்டுவதில்லை. முதியோர்க்கு மட்டும் உரியது எனத் தள்ளப்பட்ட கருவியை உலகின் வலிமைமிக்க வீரர்களே ஏற்றுக்கொண்டனர்.

இன்று மின்மோட்டார் துணையுடன் இயங்கும் மிதிவண்டியைப் பற்றியும் இத்தகைய பேச்சு எழுகிறது. மிதிக்கும்போது மட்டும் மோட்டார் சிறிது உதவும் வண்டியில், ஓட்டுபவரும் உழைக்கத்தான் செய்கிறார். செங்குத்தான மேட்டுக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவதினும், துணையோடு மேடேறி வருவது நன்றன்றோ?

மழையும் உப்பும் துருவும்

நீரும் காற்றும் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. உப்பு அதை விரைவுபடுத்துகிறது. ஆகவே, தீவில் ஓட்டும் வண்டியை மழைக்குப் பின் நன்னீரால் துடைத்து, உலர்த்தி, சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். எண்ணெய் மிகுந்தால் மண்ணும் மணலும் ஒட்டிச் சங்கிலி தேயும். எனவே, மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

எஃகு விளிம்பில் பிரேக் கட்டை அழுத்தும் வண்டி, மழையில் உடனே நிற்பதில்லை. அலுமினிய விளிம்பு ஓரளவு மேல். விளிம்பைப் பற்றாமல் உருளியின் நடுவிலுள்ள வட்டத்தைப் பற்றும் பிரேக், மழையிலும் நன்கு இயங்கும். கைவலிமை குறைந்தவர்க்கும் அது எளிது. இருபுறமும் மட்கார்டு பொருத்தினால் சேற்றுநீர் உடையில் தெறிக்காது.

காப்புக் கருவிகள்

தலைக்கவசம், மணி, முன்விளக்கு, பின்புறச் சிவப்பு விளக்கு ஆகியவை எல்லார்க்கும் உரியவை. முதியவர்க்குக் கூடுதலாக வேண்டுவது வலப்பக்கக் கண்ணாடி. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், முந்தும் வண்டி வலப்புறமாகவே வரும். கழுத்தைத் திருப்பாமலே அதைக் காணக் கண்ணாடி உதவும். வெளிர்நிற உடை அணிந்தால் வளைவில் வரும் ஓட்டுநர்க்குத் தொலைவிலேயே புலப்படும்.

யார் முடிவு செய்வது?

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பிறர் துணையை எதிர்பாராமல் வயலுக்கும் சந்தைக்கும் செல்லும் உரிமையை அவ்வண்டி அவர்களுக்கு அளித்தது. அன்று இளம்பெண்களாக இருந்தவர்கள் இன்று பாட்டியராகியுள்ளனர்.

மிதிவண்டி இவர்களைப் போன்ற முதியோர்க்கு வெறும் உடற்பயிற்சிக் கருவி அன்று. நூலகத்துக்கும் கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் தாமே சென்றுவரும் தன்னுரிமையும் அதில் அடங்கியுள்ளது. “வயதாகிவிட்டது, இனி வண்டி வேண்டா” எனப் பிள்ளைகள் அன்பினால் சொல்லும்போது, அந்தத் தன்னுரிமையும் சேர்ந்து பறிபோகிறது.

வயது என்னும் எண் மட்டும் இதற்கு அளவுகோல் ஆகாது. பிரான்சு நாட்டு இராபர்ட் மார்ச்சாண்டு 2017இல், தம் 105ஆம் வயதில், ஒருமணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் அரிய விதிவிலக்கு. மற்றவர்கள் பார்வை, சமநிலை, தலைச்சுற்றல் ஆகியவற்றைக் கருத வேண்டும். மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும். சமநிலை குறைந்தவர்க்கு மூன்றுருளி வண்டி உண்டு. மேடேற இயலாதவர்க்குத் தாழ்ந்த பல்லிணை உண்டு. பெருவழிச்சாலையில் அஞ்சுபவர்க்கு ஊர்த்தெருக்கள் உண்டு. வண்டியை விட்டுவிடுமாறு சொல்வதற்குமுன், வண்டியை மாற்றிப் பார்ப்பதே முறை. அம்முடிவில் ஓட்டுபவரின் சொல்லுக்கே முதலிடம் தரவேண்டும்.

சொல்லும் பொருளும்

உகந்தது – ஏற்றது
இன்றியமையாதது – கட்டாயம் தேவையானது
பல்லிணை – ஒன்றோடொன்று இயங்கும் பற்சக்கர அமைப்பு
இசைவு – ஒப்புதல்
புலப்படும் – தெரியும்

தெரிந்து தெளிவோம்

சூன் 3ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2018இல் அறிவித்தது.

மதிப்பீடு

1. அந்தமானில் சென்னையைவிட முன்னதாகப் பொழுது விடிவதற்குக் காரணம் யாது?
2. மேற்கம்பி தாழ்ந்த வண்டி முதியோர்க்கு ஏன் ஏற்றது?
3. முன்னே 36 பல், பின்னே 24 பல் உள்ள வண்டியில், மிதிகட்டை ஒருமுறை சுழன்றால் பின்னுருளி எத்தனை முறை சுழலும்?
4. பல்லிணை பற்றித் தெகிராஞ்சு, பால் தெ விவி ஆகியோரின் கருத்துகளை ஒப்பிட்டு எழுதுக.

கற்பவை கற்றபின்

உங்கள் தாத்தா, பாட்டி அல்லது அண்டை வீட்டு முதியவர் ஒருவரிடம், அவர் முதன்முதலில் ஓட்டிய மிதிவண்டியைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக. அவ்வண்டியின் உறுப்புகளுக்கு அவர் வழங்கும் சொற்களையும் பட்டியலிடுக.