தொல்காப்பியப் புள் மயக்கமும் தென்பாண்டி நீர்ப்பறவைகளும்

முன்னுரை

நீர்ப்பறவை நோக்கல் என்றவுடன் கடற்கரைக் கழிகளே பலர்க்கும் நினைவுக்கு வருகின்றன. தமிழகத்தின் முதல் ராம்சர் ஈரநிலமாக 2002-இல் அறிவிக்கப்பெற்றதும் கடலோரக் கோடிக்கரையே. கடலினின்று விலகி, வானம் பார்த்த நிலங்களுக்கிடையே அமைந்த சங்கரன்கோவில் வட்டாரக் குளங்கள் இந்நோக்கில் எளிதாக விடுபடுகின்றன. கழியையும் குளத்தையும் ஒருங்கே நோக்குதற்குத் தொல்காப்பியம் வழிகாட்டுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திணையும் புள்ளும்

ஐங்குறுநூற்று நெய்தற் பகுதியில் வெள்ளாங்குருகு, சிறுவெண்காக்கை ஆகிய பறவைகளின் பெயரால் இரு பத்துகள் அமைந்துள்ளன. நாரையோ மருதத்திற்கும் நெய்தலுக்கும் பொதுவாகப் பாடப்படுகிறது. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வரின், வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என அகத்திணையியல் வகுத்துள்ளது. பறவை நில எல்லைக்குள் அடங்காது என்னும் பட்டறிவு இவ்விதியில் புலப்படுகிறது.

குளத்தின் பருவச்சுழற்சி

தென்மாவட்டக் குளங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நிறைகின்றன. வலசைப் பறவைகள் வந்தடையும் காலமும் இதுவே. நிறைந்த நீர்ப்பரப்பு வாத்தினங்களுக்கும், நீர் வற்றுகையில் தோன்றும் சேற்று விளிம்பு உள்ளான்களுக்கும், ஆழம் குறைந்த நீரில் செறியும் மீன் நாரைகளுக்கும் பயன்படுகின்றன. எனவே ஒரே குளம் திங்கள்தோறும் வெவ்வேறு பறவைகளுக்கு வாழிடமாகிறது.

கூந்தன்குளம்

நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2021-இல் ராம்சர் தகுதி பெற்றது. மணிமுத்தாற்றுக் கால்வாய் நீரைப் பெறும் இது மனிதர் அமைத்த பாசனக் குளமாகும். மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி ஊருக்குள் உள்ள மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். பறவை எச்சம் கலந்த நீரும் வண்டலும் அவர்தம் வயலுக்கு உரமாகின்றன. தூத்துக்குடி உப்பளங்களில் இரைதேடும் பூநாரை இனமும், மத்திய ஆசியாவிலிருந்து வரும் வரித்தலை வாத்தும் இங்குக் காணப்பட்டுள்ளன.

கணக்கெடுப்பு உணர்த்துவது

2011 முதல் நடைபெறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தனியொரு சரணாலயத்தை மட்டும் கொள்ளாது, மாவட்ட எல்லை கடந்து பல குளங்களைக் கருதுகிறது. இம்முறை இன்றியமையாதது. ஒரு கழியில் பறவைகள் குறைந்தால் அதற்கான காரணம் அக்கழியிலேயே இருத்தல் வேண்டும் என்பதில்லை. தொலைவில் ஒரு குளம் தூர்ந்ததோ, கூடு கட்டும் மரங்கள் வெட்டப்பட்டதோ காரணமாகலாம்.

முடிவுரை

சரணாலய எல்லை சட்டத்தால் வரையப்படுவது. பறவையின் எல்லை நீரால் அமைவது. பெயர்பெற்ற சில நீர்நிலைகளைக் காத்து, சிறு குளங்களை ஆக்கிரமிப்புக்கும் கழிவுக்கும் விட்டுவிடின் அப்பாதுகாப்பு நிறைவுறாது. வந்த நிலத்துக்குப் புள்ளை உரிமையாக்கிய தொல்காப்பிய மரபு, அப்புள்ளைக் காக்கும் கடமையும் அந்நிலத்தார்க்கு உண்டு என்று இன்று விரித்துணரத்தக்கது.